உடைந்த குழாயும் செல்லாத சான்றிதழும்

ஏற்றுமதி ஆவணங்கள் பாடத்தை பி.காம் படிப்பவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் என்று வரிசையாக வரும். கடைசியில் "இதர சான்றிதழ்கள்" என்று ஒரு வரி. அதைத் தொடாமலேயே ஐந்து மார்க் கேள்விக்கு விடை எழுதிவிடலாம். அந்த வரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அரசாங்கம் தரும் கால்நடை சுகாதாரச் சான்றிதழ். 2007ல் பிரிட்டனில் அது ஒரே இரவில் செல்லாமல் போனது, மூன்று வாரத்தில் திரும்ப வந்தது, வந்த மூன்றாவது வாரத்தில் மறுபடியும் போனது. காரணம் பூமிக்கு அடியில் இருந்த ஒரு பழைய கழிவுநீர்க் குழாய். அந்தக் குழாய்க்குப் பொறுப்பானவர்களில் ஒருவர், சான்றிதழ் கொடுக்கும் அதே அரசாங்கம்!

முதலில் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று பார்ப்போம். ஒரு கன்டெய்னர் ஆட்டிறைச்சி வெளிநாடு போகிறது என்றால், அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆடு நோயில்லாத ஆடு, சுத்தமான அறுப்புக்கூடத்தில் அறுக்கப்பட்டது என்பதெல்லாம் இருக்கும். கூடவே இன்னொரு வாக்கியமும் இருக்கும். இந்த நாட்டில் கடந்த 12 மாதங்களாகக் கோமாரி நோய் இல்லை, அதற்குத் தடுப்பூசியும் போடப்படவில்லை என்ற பொருளில் வரும் வாக்கியம் அது. கவனியுங்கள், ஆட்டைப் பற்றிய வரிகளை மருத்துவர் தன் கண்ணால் பார்த்து எழுதலாம். நாட்டைப் பற்றிய வரியை அவர் எப்படிப் பார்க்க முடியும்? அரசாங்கம் சொல்வதை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார். வாங்குகிற நாடும் அரசாங்கத்தின் வார்த்தையை நம்பித்தான் சரக்கை இறக்குகிறது.

அந்த வரி பொய்யாகிவிட்டால் ஆயிரம் மைல் தள்ளி மலையில் மேயும் ஆட்டுக்கும் சான்றிதழ் கிடையாது. அந்த ஆட்டுக்கு ஒரு நோயும் இல்லை, நோய் வந்த மாட்டை அது கனவில்கூடப் பார்த்ததில்லை என்றாலும் அதே கதிதான்.

கோமாரி நமக்குப் புதிதில்லை. கிராமத்தில் மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். வாயிலும் குளம்பிலும் புண், எச்சில் ஒழுகும், மாடு தீனி எடுக்காது, பால் வற்றிவிடும். பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், கன்றுகள்தான் பாவம். நம் நாட்டில் இதற்கு அரசே தடுப்பூசி போடுகிறது. ஆனால் பிரிட்டனில் ஒரு பண்ணையில் நோய் வந்தால் அந்தப் பண்ணையின் மாடு, ஆடு, பன்றி எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள். "பிழைக்கிற நோய்க்கு ஏன் இப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். நோய் மிக வேகமாகப் பரவும் என்பது ஒரு காரணம். மற்றது அந்தச் சான்றிதழ் வரிதான். உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதிப்படி, நோய் வந்த மந்தைகளைக் கொன்று ஒழித்தால் கடைசிக் கொலையிலிருந்து மூன்று மாதத்தில் "நோயில்லா நாடு" என்ற அந்தஸ்தைத் திரும்பக் கேட்கலாம். தடுப்பூசி போட்டு மாடுகளை உயிரோடு வைத்துக்கொண்டால் ஆறு மாதம் ஆகும். இந்த மூன்று மாத வித்தியாசம் எத்தனை உயிர்களின் விலை என்று கணக்குப் போட்டால் மனசு ஒரு மாதிரி ஆகிறது.

2007க்கு முன்பே பிரிட்டன் இதில் இரண்டு முறை சூடுபட்ட பூனை. முதல் முறை கோமாரி அல்ல, மேட் கவ் எனப்பட்ட பி.எஸ்.இ. இந்த மாட்டு நோய்க்கும் மனிதர்களுக்கு வரும் ஒரு கொடிய மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீஃபன் டோரெல் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஒரே வாரத்தில், மார்ச் 27 அன்று, ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதியை முழுவதுமாகத் தடை செய்தது. பிரிட்டன் கோர்ட்டுக்குப் போயும் ஜெயிக்கவில்லை. 1999 ஆகஸ்டில் கதவு கொஞ்சம் திறந்தது. 1996 ஆகஸ்ட் 1க்குப் பிறகு பிறந்த, 30 மாதத்துக்கு உட்பட்ட மாடு, அதுவும் எலும்பு நீக்கிய கறி என்றால் மட்டும் போகலாம். அப்போதும் பிரான்ஸ் வாங்க மறுத்தது. அது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2001 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியும் 2002 அக்டோபரில்தான் பிரான்ஸ் இறங்கி வந்தது. முழுத் தடையும் விலகியது 2006 மே மாதத்தில். பத்து வருடம்!

இரண்டாவது முறை, 2001. பிப்ரவரியில் எஸெக்ஸ் பகுதியில் ஒரு அறுப்புக்கூடத்தில் பன்றிகளிடம் கோமாரி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் நோய் சந்தைகள் வழியாக நாடு முழுக்கப் பரவிவிட்டது. 2,026 பண்ணைகளில் நோய், கொல்லப்பட்ட கால்நடைகள் 60 லட்சத்துக்கும் மேல். வயல்களில் மாடுகளைக் குவித்து எரித்த புகைப்படங்களை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். (சாப்பிடும் நேரத்தில் தேட வேண்டாம்.) அரசுக்கு 300 கோடி பவுண்டுக்கு மேல் செலவு, தனியாருக்கு 500 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் என்று கணக்குச் சொன்னார்கள். 2002 தொடக்கத்தில்தான் "நோயில்லா நாடு" அந்தஸ்து திரும்பியது.

மாட்டிறைச்சிக்கு 2006ல் கதவு முழுதாகத் திறந்து பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. 2007 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் நார்மண்டி என்ற கிராமத்தை ஒட்டிய ஒரு பண்ணையில் மாடுகளுக்குக் கோமாரி என்று உறுதியானது. அன்றிரவே நாடு முழுக்க ஆடு, மாடு, பன்றி எதையும் இடம் மாற்றக்கூடாது என்று உத்தரவு. பண்ணையைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குப் பாதுகாப்பு வளையம், 10 கிலோமீட்டருக்குக் கண்காணிப்பு வளையம். பிரதமராகி ஆறு வாரம்கூட ஆகாத கார்டன் பிரவுன், டார்செட்டில் அப்போதுதான் தொடங்கிய விடுமுறையை விட்டுவிட்டு லண்டன் திரும்பினார்.

ஐரோப்பிய ஒன்றியம் தடை போடும்வரை பிரிட்டன் காத்திருக்கவில்லை. தன் ஏற்றுமதிச் சான்றிதழ்களைத் தானே நிறுத்திவைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். எனக்கு இது வணிகரீதியாகவே புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. பொய்யாகிவிட்ட ஒரு வரியின் கீழ் இன்னும் ஒரு கையெழுத்து விழுந்து, அந்தச் சரக்கு பிடிபட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்தக் கையெழுத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். அந்தப் பத்து வருடம் எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு மூன்று நாளில் ஐரோப்பிய ஆணையத்தின் தடையும் வந்தது. அது கிரேட் பிரிட்டனுக்கு மட்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வடக்கு அயர்லாந்து தடையில் சேரவில்லை. ஒரே நாடு, ஒரே ராணி, ஆனால் சான்றிதழ் விஷயத்தில் கடல்தான் எல்லை.

இனி அந்தக் குழாய்க்கு வருவோம்.

வைரஸைப் பரிசோதித்தவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. அது உலகில் அப்போது எங்கும் சுற்றிக்கொண்டிருந்த வகையே இல்லை. 1967ல் பிரிட்டனில் வந்த பெரிய கோமாரி நோயின்போது பிரித்தெடுத்து, நாற்பது வருடமாக ஆய்வகத்தில் பத்திரமாக வைத்திருந்த வகை. அந்த ஆய்வகம் எங்கே? நோய் வந்த பண்ணையிலிருந்து சில கிலோமீட்டரில், பிர்பிரைட் என்ற ஊரில். 1924 முதல் கோமாரி ஆராய்ச்சி நடக்கும் இடம். ஒரே வளாகத்தில் இரண்டு நிறுவனங்கள் இருந்தன. ஒன்று பொதுப்பணத்தில் நடக்கும் விலங்கு சுகாதார ஆய்வு நிலையம். இன்னொன்று தடுப்பூசி தயாரிக்கும் மெரியல் என்ற தனியார் கம்பெனி.

கழிவுநீரில் இருக்கும் வைரஸை இரண்டு கட்டமாகக் கொல்வது அங்கே ஏற்பாடு. கட்டடத்திலேயே முதல் கட்டம். பிறகு பூமிக்கடியில் போகும் குழாய் வழியாக இன்னொரு இடத்துக்குப் போய், அங்கே காஸ்டிக் சோடாவில் இரண்டாம் கட்டம். இரண்டுக்கும் நடுவில் இருந்த குழாய்தான் வில்லன். விரிசல், உள்ளே புகுந்த மர வேர்கள், சரியாக மூடாத மேன்ஹோல்கள். அந்த ஜூலையில் இங்கிலாந்தில் பேய் மழை. குழாயிலிருந்து கழிவுநீர் மண்ணில் கலந்திருக்கலாம், வளாகத்தில் அப்போது நடந்த கட்டட வேலைக்கு வந்த லாரிகளின் சக்கரத்தில் அந்த மண் ஒட்டிக்கொண்டு, பண்ணை வழியாகப் போகும் ரோட்டுக்குப் போயிருக்கலாம் என்று செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. எந்த நிறுவனத்தின் வைரஸ் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் அதே வகையை வைத்திருந்தார்கள், குழாயும் பொது.

எனக்கு இதில் தாங்க முடியாத இடம் இது. குழாய் மோசமான நிலையில் இருப்பது சில வருடங்களாகவே சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். மாற்றுவதற்கு யார் பணம் கொடுப்பது என்று ஆய்வு நிலையம், மெரியல், விவசாயத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் பொறுப்பான டெஃப்ரா என்ற அரசுத் துறை, மூன்று பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேராசிரியர் பிரையன் ஸ்ப்ராட் தலைமையிலான குழு இதை அறிக்கையில் எழுதியது. டெஃப்ராவின் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்த வளாகத்துக்கு வைரஸ் வைத்துக்கொள்ள லைசென்ஸ் கொடுப்பது அவர்கள். போய்ச் சோதனை செய்வதும் அவர்கள். ஆய்வு நிலையத்தின் பெரிய வாடிக்கையாளரும் அவர்கள். "எங்கள் நாட்டில் கோமாரி இல்லை" என்று உலகத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதும் அவர்களே! ஆடிட்டிங் பாடத்தில் ஆடிட்டர் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று படிக்கிறோமே, அந்த அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, சான்றிதழ் எப்படித் திரும்பி வந்தது? படிப்படியாக, ஒரு வரைபடத்தின் உதவியோடு. முதலில் காலத்தை வைத்துப் பிரித்தார்கள். வைரஸ் வெளியே வந்திருக்க வாய்ப்பில்லாத காலத்தில், அதாவது ஜூலை நடுப்பகுதிக்கு முன்பு, தயாரான கறிக்குத் தடை இல்லை. பிறகு தயாரிப்பு முறை. எலும்பும் நிணநீர்ச் சுரப்பிகளும் நீக்கி, குறிப்பிட்ட நேரம் வைத்திருந்து, புளிப்புத்தன்மை ஏறிய கறியில் இந்த வைரஸ் பிழைக்காது. (இந்தியா எருமை இறைச்சியை எலும்பு நீக்கியே ஏற்றுமதி செய்வதற்கும் இதே அறிவியல்தான் காரணம். கோமாரி இருக்கும் நாடும் கறி விற்க முடிவது அதனால்தான்.) மூன்றாவது, இடம். ஆகஸ்ட் 23 அன்று ஐரோப்பிய நாடுகளின் கால்நடை அதிகாரிகள் கூடி, சர்ரேயின் கண்காணிப்பு வளையம் தவிர மற்ற இடங்களுக்கு 25ஆம் தேதியிலிருந்து தடை இல்லை என்று முடிவெடுத்தார்கள். தடைக் காலத்தில் விதிவிலக்கில் வெளியே போன கறியின் சான்றிதழில் ஒரு வேடிக்கை. எந்த ஆணையால் தடை வந்ததோ, அந்த ஆணையின் எண்ணையே போட்டு, அதற்கு இணங்கிய இறைச்சி இது என்று எழுத வேண்டும். கடன் வாங்கித் திருப்பிக் கட்டியவன் நெற்றியில் கடன் பத்திரத்தின் நம்பரை ஒட்டி அனுப்புவது போல.

ஐரோப்பாவுக்கு வெளியே இது இன்னும் மெதுவாக நடக்கும். அமெரிக்கா, ஜப்பான் போன்ற ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிச் சான்றிதழ், தனித்தனி வாசகம். நிறுத்துவதற்கு ஒரு மின்னஞ்சல் போதும், திரும்ப வாங்க ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்க வேண்டும்.

செப்டம்பர் 8 அன்று கண்காணிப்பு வளையமும் நீக்கப்பட்டது. நாலே நாள். செப்டம்பர் 12 அன்று எகம் என்ற ஊர் அருகே புதிதாகக் கோமாரி. பழைய 10 கிலோமீட்டர் வளையத்துக்கு வெளியே இருக்கும் இடம். மறுபடியும் நடமாட்டத் தடை, மறுபடியும் ஏற்றுமதிச் சான்றிதழ் நிறுத்தம். அடுத்த சில நாட்களில் பக்கத்தில் இன்னொரு பண்ணையில் நோய் தெரிந்தது. அங்கிருந்த கால்நடைகளில் புண்கள் பழையவை, ஆறிக்கொண்டிருந்தன. விஞ்ஞானிகள் ஒவ்வொரு பண்ணையின் வைரஸின் மரபணுவையும் முழுதாகப் படித்து, ஆகஸ்ட் நோய்க்கும் செப்டம்பர் நோய்க்கும் நடுவில் விட்டுப்போன கண்ணி அந்தப் பண்ணைதான் என்று காட்டினார்கள். அதாவது "நோய் ஒழிந்தது" என்று அரசு அறிவித்தபோது நோய் யாருக்கும் தெரியாமல் ஒரு மந்தைக்குள் இருந்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட மருத்துவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் காகிதம் சொன்னது உண்மையில்லை.

மொத்தம் எட்டே பண்ணைகளில்தான் நோய், எல்லாம் சர்ரே பக்கத்தில். கொல்லப்பட்ட கால்நடைகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. 2001ன் 60 லட்சத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நோய் வந்த பண்ணைக்காரர்களுக்குக் கொல்லப்பட்ட மாட்டுக்கு அரசு நட்ட ஈடும் கொடுத்தது. பெரிய அடி விழுந்தது வேறு இடத்தில். நூற்றுக்கணக்கான மைல் வடக்கே, ஸ்காட்லாந்து மலைகளில்.

அந்த மலைகளிலும் வேல்ஸிலும் வளரும் ஆட்டுக்குட்டிகள் சிறியவை, எடை குறைந்தவை. பிரிட்டிஷ் கடைகளில் அதற்குக் கிராக்கி குறைவு. இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ் மாதிரி நாடுகளில்தான் அந்தச் சின்னக் குட்டியின் கறியை விரும்பி வாங்குவார்கள். விற்கும் பருவமோ செப்டம்பர், அக்டோபர். குளிர்காலம் வருவதற்குள் குட்டிகளை மலையிலிருந்து இறக்கியாக வேண்டும், மேலே புல் இருக்காது. சான்றிதழ் இரண்டாவது முறை நின்றது சரியாக இந்த நேரத்தில். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் விலை சரிந்துவிட்டது. நடமாட்டத் தடையால் வேறு மேய்ச்சலுக்கு ஓட்டவும் முடியாது. மலையில் புல் தீர்ந்துகொண்டிருக்கிறது. நோயே இல்லாத குட்டிகளைப் பட்டினியிலிருந்து காப்பாற்றுவதற்காகக் கொன்றுவிடலாம் என்று ஸ்காட்லாந்து அரசு திட்டம் போடும் அளவுக்குப் போனது.

பணம் கேட்டபோது அரசியல் ஆரம்பித்தது. அக்டோபர் 8 அன்று டெஃப்ரா அமைச்சர் ஹிலரி பென் இங்கிலாந்து விவசாயிகளுக்கு 1.25 கோடி பவுண்ட் உதவி அறிவித்தார். ஸ்காட்லாந்துக்கு 81 லட்சம் பவுண்ட் தருவதாக முந்தைய வரைவில் இருந்தது, தேர்தல் நடத்துவதில்லை என்று கார்டன் பிரவுன் முடிவு செய்ததும் அந்த வரி காணாமல் போய்விட்டது என்று ஸ்காட்லாந்து அமைச்சர் ரிச்சர்ட் லாக்ஹெட் குற்றம் சாட்டினார். எந்த ஊர் அரசியலும் ஒன்றுதான் போல :-)

அக்டோபர் நடுவிலிருந்து நோய் அபாயம் குறைந்த பகுதிகளுக்குச் சான்றிதழ் திரும்பத் தரப்பட்டது. அதற்குள் குட்டிகளின் பருவம் பாதி முடிந்துவிட்டது. 2008 பிப்ரவரியில் "நோயில்லா நாடு" அந்தஸ்து வந்தது. அடுத்த மாதம் டாக்டர் இயன் ஆண்டர்சனின் ஆய்வறிக்கை வெளியானது. அரசுக்குச் செலவு சுமார் 4.7 கோடி பவுண்ட், கால்நடைத் தொழிலுக்கு நட்டம் சுமார் 10 கோடி பவுண்ட் என்று கணக்கு. எட்டுப் பண்ணை நோய்க்கு இவ்வளவு. ஆபத்தான விலங்குக் கிருமிகளை வைத்திருக்கும் ஆய்வகங்களைச் சோதிக்கும் வேலை டெஃப்ராவிடமிருந்து எடுக்கப்பட்டு, தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் தனி அமைப்பிடம் போனது. இது ஒன்றுதான் உருப்படியாக நடந்த மாற்றம் என்பது என் அபிப்பிராயம்.

வரைபடத்தில் கோடு போட்டுச் சான்றிதழைப் பாதி மீட்கும் முறை இன்றும் அதே மாதிரிதான். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஒரு சிறிய எருமை மந்தையில் கோமாரி வந்தது, 1988க்குப் பிறகு முதல் முறையாக. நாடு முழுவதற்கும் அந்தஸ்து போய், பல நாடுகளுக்குச் சான்றிதழ் தர முடியாமல் நின்றது. மார்ச்சில் அந்தப் பகுதி தவிர மற்ற இடங்களுக்கு அந்தஸ்து திரும்பியது, ஏப்ரலில் முழுவதற்கும்.

சர்ரே விவகாரத்தில் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. நோய் வராத, ஆனால் தடையால் நட்டப்பட்ட விவசாயிகள் சிலர் ஆய்வு நிலையம், மெரியல், டெஃப்ரா மூவர் மீதும் வழக்குப் போட்டார்கள். 2009ல் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. உங்கள் ஆட்டுக்கு நோய் வரவில்லை, உங்கள் சொத்துக்குச் சேதம் இல்லை, விற்க முடியாமல் போன வருமானம் வெறும் பொருளாதார நட்டம், அதற்கு ஈடு கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்பது சாரம்.

அதிலும் ஒரு விசேஷம், இந்த விதியை வலியுறுத்திய ஒரு பழைய தீர்ப்பும் அதே இடத்தை வைத்துத்தான். 1960 வாக்கில் கில்ட்ஃபர்ட், ஃபார்ன்ஹம் ஊர்களின் மாட்டுச் சந்தைகள் கோமாரியால் மூடப்பட்டன. வைரஸ் பிர்பிரைட் ஆய்வகத்திலிருந்து தப்பியது என்று சொல்லி, ஏலம் நடத்தும் தரகர்கள் கமிஷன் நட்டத்துக்கு வழக்குப் போட்டார்கள். வைரஸ் அங்கிருந்துதான் கவனக்குறைவால் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், மாட்டின் சொந்தக்காரருக்குத்தான் ஈடு, தரகருக்குக் கிடையாது என்று நீதிபதி விட்ஜரி 1965ல் தீர்ப்பளித்தார். சட்ட மாணவர்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். ஸ்காட்லாந்து மலையில் ஆட்டுக்குட்டியோடு நின்றவருக்கும் கில்ட்ஃபர்ட் சந்தைத் தரகருக்கும் நாற்பது வருட இடைவெளியில் கிடைத்த பதில் ஒன்றேதான்.